கிளை எட்டும் தூரம்: செண்பகத்தோப்பில் அணிலும் ஓடையும் மாந்தோப்பும்

சாம்பல் நிற மலை அணில் தரையை நம்பாத பிராணி. தின்பதும் உறங்குவதும் குட்டி போடுவதும் மர உச்சியில்தான். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போக அதற்குக் கிளை வேண்டும். கிளை எட்டாவிட்டால் தாவல் எட்ட வேண்டும். மலை அணில் இனங்கள் ஒரே தாவலில் 6 மீட்டர் வரை கடக்கக்கூடியவை. இடைவெளி அதற்கு மேல் போனால் இறங்கி ஓடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இறங்கினால் சிறுத்தையும் காட்டுப்பூனையும் வேண்டாம், தோப்புக் காவலுக்கு வளர்க்கிற நாட்டு நாய் ஒன்றே போதும். ஆகவே இந்த அணிலின் வாழிடத்தை ஹெக்டேர் கணக்கில் அளந்து வைத்துக்கொள்வது பாதி உண்மையைத்தான் சொல்லும். ஒரு பள்ளத்தாக்கில் ஆயிரம் மரங்கள் நிற்கலாம். நடுவில் நாற்பதடி வெட்டவெளி இருந்தால் அணிலுக்கு அது இரண்டு தனித்தனி ஊர்.

உலகத்திலேயே இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் வாழ்கிறது. ராட்டுஃபா மேக்ரூரா என்பது அறிவியல் பெயர். உடல் ஒரு அடிக்கு மேல் இருக்கும், வாலும் ஏறத்தாழ அதே நீளம். சாம்பல் பூத்த உடலும் நரை கலந்த வாலுமாகக் கிளையில் படுத்துக் கிடந்தால், பழக்கமில்லாத கண்ணுக்குத் தட்டுப்படாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு.

இந்தியாவில் இது வாழும் இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம், கேரள எல்லையில் சின்னாறு, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் காவிரிக் கரைக் காடுகள் என்று பெரும்பாலும் ஆற்றோரம், ஓடையோரம். காரணம் மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு கேரளப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் சரிவெல்லாம் கோடையில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது, ஓடையின் இரு கரையில் மட்டும் நிலத்தடி ஈரத்தை வேரால் எட்டிப் பிடித்துப் பச்சையாக நிற்பவை மருதும் நாவலும் புங்கும் அத்தியும் காட்டு மாவும். ஆண்டு முழுவதும் நிழலும் ஏதாவது ஒரு காயும் கிடைப்பது அந்த ஒடுங்கிய பச்சைக் கோட்டில்தான். அணில் அங்கே ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

அப்படி ஒரு கோடுதான் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சுமார் 8 கிலோமீட்டர். பேயனாறு மலையை விட்டு இறங்கும் இடம். மீன்வெட்டிப்பாறை அருவி, மலைக்குள் காட்டழகர் கோயில், ராக்காச்சியம்மன் கோயில், பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு, வனத்துறையின் சோதனைச்சாவடி, அவற்றைச் சுற்றி மம்சாபுரம் வரை நீளும் மாந்தோப்புகள் தென்னந்தோப்புகள். தெற்கே ராஜபாளையம் பக்கம் அய்யனார் கோயில் ஆறு. வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல். இந்த மலையில் பிறக்கும் ஓடைகளில் பல ஒன்றோடொன்று சேர்ந்து வைப்பாறாகி, கரிசல் காட்டைக் கடந்து மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகின்றன. வழியில் கண்மாய்களை நிரப்புவதும், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் குடிநீர் தருவதும் இந்த மலைத் தண்ணீர்தான்.

இங்கே அறிவுலகத்தின் கவனம் விழுந்ததற்கு அண்டை ஊர்க்காரர் ஒருவர் முக்கியக் காரணம். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, பிறகு டேராடூன் இந்திய வன உயிர் நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கிய ஏ.ஜே.டி. ஜான்சிங். வகுப்பறையில் அடங்காத ஆசிரியர் அவர். இந்த மலைகளைக் கால்நடையாகவே அறிந்தவர். சாம்பல் அணிலை விரிவாக ஆராய்ந்த ஜஸ்டஸ் ஜோஷுவாவும் அவரும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மனிதத் தலையீடு இந்த அணிலின் வாழிடத்தையும் எண்ணிக்கையையும் எப்படிப் பாதிக்கிறது என்பதையே பொருளாகக் கொண்டது. 2024 ஜூனில் ஜான்சிங் காலமானார். அவர் எழுப்பிய கேள்வி இன்னும் நடப்புக் கேள்வியாகவே இருக்கிறது.

1988 டிசம்பரில் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். ஒரு அணிலின் பெயரில் இந்தியாவில் இவ்வளவு பெரிய சரணாலயம் அமைந்தது சாதாரணக் காரியமல்ல. 2021 பிப்ரவரியில் இதையும் தேனி மாவட்டத்து மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். மொத்தம் 1,016 சதுர கிலோமீட்டர். மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் ஒட்டிக் கிடக்கிறது. புலிக்கும் யானைக்கும் இது பெரிய நன்மை. மலை முழுக்க ஒரே காப்பு எல்லைக்குள் வந்துவிட்டது.

அணிலுக்கு மட்டும் அது போதாது. ஓடையோரக் காடு மலையடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. எல்லைக் கல்லைத் தாண்டிப் பட்டா நிலத்துக்குள் இறங்குகிறது. அங்கே அதன் தொடர்ச்சி மாந்தோப்பு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சம்சாரிகள் ஓடைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பி வைத்து வளர்த்த மா, புளி, இலுப்பை மரங்கள், யாரும் திட்டமிடாமலேயே காட்டின் நீட்சியாக ஆகிவிட்டன. பழைய தோப்பில் முப்பதடிக்கு ஒரு மரம் வைத்தார்கள். ஐம்பது அறுபது வருடத்தில் அந்த மரங்களின் கவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கீழே நடுப்பகலிலும் நிழல் கட்டி நிற்கும். அணிலுக்கு ரிசர்வ் காட்டுக்கும் சர்வே எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. தோப்பில் கூடு கட்டுகிறது.

அந்தக் கூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் வாதமே அதில் அடங்கியிருக்கிறது. குச்சியும் பச்சை இலையும் வைத்துப் பின்னிய உருண்டை. தூரத்திலிருந்து பார்த்தால் காக்கைக் கூடு மாதிரி, ஆனால் கனம் கூடுதல், மேலே மூடி இருக்கும். ஒரே அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளை வைத்துக்கொள்ளும். கூடு அமையும் இடம் தற்செயல் அல்ல. மரத்தின் உச்சிப் பகுதியில், பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து சேருகிற கவையில் கட்டும். பருந்து வந்தால் ஒரு திசையில், பாம்பு ஏறினால் மறு திசையில் தப்பிக்க வழி வேண்டும். கொடி படர்ந்த மரமாக இருந்தால் இன்னும் நல்லது. தனியாக நிற்கிற ஒற்றை மரம் எவ்வளவு பெரியதானாலும் கூட்டுக்கு உதவாது. ஒரு தோப்பில் கூடு இருக்கிறது என்றால், அந்த இடத்தில் குறைந்தது மூன்று நான்கு மரங்கள் கைகோத்து நிற்கின்றன என்று பொருள். கூடு இருந்த தோப்பில் கூடு இல்லாமல் போனால், கோத்த கை எங்கோ விட்டுப்போயிற்று.

எங்கே விட்டுப்போகிறது? கோடாலி வெட்டு ஒரு பகுதி. பெரும்பகுதி தோப்புப் பொருளாதாரம்.

இந்தப் பக்கத்து மாந்தோப்புகளில் உடையவர் பல சமயம் ஊரில் இருப்பார். தோப்பில் இருப்பது குத்தகைக்காரரும் காவல்காரரும். மகசூலைப் பூவிலேயே பேசுவார்கள், அல்லது பிஞ்சில் பேசுவார்கள். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் விலை போகிற காலம் வரை குத்தகைக்காரரின் உயிர் அந்தக் கிளைகளில்தான் தொங்கும். தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பு, காவல் கூலி, பறிப்புக் கூலி, கமிஷன் மண்டி எல்லாம் போக மிஞ்சுவது லாபம். யானை ஒரு ராத்திரி வந்து போனால் கணக்கு தலைகீழ். குரங்கு, மயில், காட்டுப்பன்றி தனி. இவற்றோடு ஒப்பிட்டால் அணில் தின்னுவது சொற்பம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சேதம் அது. பிஞ்சைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்; மரத்தடியில் காலையில் கடித்த பிஞ்சுகள் கிடக்கும். ஒரு பருவத்துக்கு மட்டும் குத்தகை எடுத்தவரிடம் போய், 'இது அரிய பிராணி, தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது' என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார். ஆனால் நட்டத்தை யார் தருவது என்று கேட்பார். நியாயமான கேள்வி அது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. வயதான மாமரம் காய்ப்பு குறைந்தால் வெட்டிவிட்டுத் தென்னை வைக்கிறார்கள். ஆண்டு முழுக்க வெட்டு, நிச்சயமான வருமானம், காவல் செலவும் குறைவு. மா வைப்பவர்களும் இப்போது அடர் நடவு முறைக்குப் போகிறார்கள். குட்டையாகக் கவாத்து செய்து, கையெட்டும் உயரத்தில் காய் பறிக்கும் முறை. விவசாயிக்கு அது நல்ல தொழில்நுட்பம், அதில் சந்தேகமில்லை. அணிலுக்கு அது மரமே இல்லை. தென்னையோ உயரமான மரம், ஆனால் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூட்டைத் தாங்கும் கவை ஆவதில்லை. மேலே இருந்து எடுத்த படத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் ஒரே பச்சையாகத் தெரியும். பசுமைப் பரப்பு குறையவில்லை என்று அறிக்கையும் எழுதலாம். அணில் அந்த அறிக்கைக்குள் வாழ முடியாது.

பண்ணை வீட்டு மனைகளாகத் தோப்புகள் துண்டுபடுவது மூன்றாவது. வேலி, விளக்கு, நடுவே ஒரு தார்ச்சாலை. சாலை இருபதடிதான். அதன் இருபுறமும் மின்கம்பிக்காகக் கிளை வெட்டினால் இடைவெளி ஐம்பதடி ஆகிவிடுகிறது.

இந்த ஓடைக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று எண்ணிப் பார்ப்பது உதவும். மேலே காட்டுக்குள் வனத்துறை. கீழே ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறை. தடுப்பணையும் வாய்க்காலும் கண்மாயும் நீர்வளத் துறை. குடிநீர் எடுப்பு நகராட்சி. கோயில் நிலங்கள் அறநிலையத் துறை. மீதி பட்டாதாரர்கள். இதில் கரையோர மரத்துக்கு யார் பொறுப்பு? பேயனாற்றின் கரையில் பத்து கிலோமீட்டர் நடந்தால் இந்தக் கேள்விக்கு நாலைந்து விடை கிடைக்கும். வனத்துறை தனியாக எதையும் முடிக்க இயலாத இடம் இது. தனி மனித ஆர்வத்தாலும் முடியாது. ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அப்படிச் சேர்ந்து செய்யும் முயற்சிகள் இங்கே இல்லாமல் இல்லை. 'வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் ராஜபாளையம்' என்ற உள்ளூர் அமைப்பு, டி.எஸ். சுப்பிரமணிய ராஜா முன்னின்று நடத்த, பல ஆண்டுகளாகச் சாம்பல் அணிலின் வாழிடத்தை மீட்பதைத் தன் வேலையாக எடுத்துச் செய்துவருகிறது. வெளியூர் நிறுவனம் வந்து மூன்று வருடத் திட்டம் முடித்துவிட்டுப் போவதற்கும், அதே ஊர்க்காரர்கள் தோப்புக்காரர்களோடு கல்யாணம் காட்சியில் முகம் பார்த்துப் பழகிக்கொண்டே இதைச் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தோப்பு உடையவர், 'எங்கள் மரத்தில் கூடு இருக்கிறது' என்று பெருமையாகச் சொல்கிற நிலை அப்படிப்பட்ட பழக்கத்தால் மட்டுமே வரும்.

பளியர்கள் இந்தக் கூட்டு முயற்சியில் ஓரமாக நிற்கிற கூட்டாளிகள் அல்லர், நடுவில் இருக்க வேண்டியவர்கள். தேன், கிழங்கு, கடுக்காய் என்று காட்டின் ஒவ்வொரு மரத்தையும் பருவத்தோடு சேர்த்து அறிந்தவர்கள். எந்த அத்தி எந்த மாதம் பழுக்கும், எந்த மருதத்தில் கொடி ஏறியிருக்கிறது, எந்தப் பாறையில் தேனடை என்பது அவர்களுக்கு மனப்பாடம். மலைவாழ் மக்களை வேட்டைத் தடுப்புக் காவலர்களாகச் சேர்ப்பது தமிழ்நாட்டு வனத்துறையில் வழக்கமாகிவிட்டது, நல்ல வழக்கம். ஆனால் தினக்கூலிக் காவலராக இருப்பதும், எந்த இடத்தில் எந்த மரம் நட வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் இருப்பதும் ஒன்றல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்த மேசையில் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. கிராம சபைக்குத் தன் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. சொன்னதைச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அரசும் முன்பு கூட்டு முயற்சி செய்திருக்கிறது. 1997இல் ஜப்பானிய நிதியுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது, காட்டோரக் கிராமங்களில் கிராம வனக்குழுக்கள் அமைத்தார்கள். விறகு வெட்டைக் குறைக்கக் கறவை மாடு, தையல் இயந்திரம், சுழல் நிதிக் கடன் கொடுத்தார்கள். எரிவாயு அடுப்பு பரவிய பிறகு விறகுச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் இவ்வகைக் குழுக்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. திட்டப் பணம் இருக்கும் வரை கூடும். பணம் நின்றால் கூட்டப் பதிவேடும் நிற்கும். பதினைந்து வருடம் வளர வேண்டிய மரத்துக்கு ஐந்து வருடக் குழு போதாது.

வேறு இடங்களில் எப்படி நீடித்தது என்று பார்க்கலாம். கர்நாடகத்தில் மத்தூர் பக்கம் கொக்கரே பெள்ளூர் என்ற கிராமம். கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லைப் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. புளி உலுக்கும் பருவமும் குஞ்சு வளரும் பருவமும் ஒன்றாக வரும். உலுக்கினால் குஞ்சு விழும், உலுக்காவிட்டால் வருமானம் போகும். 1970களின் பிற்பகுதியில் இந்த ஊர் வெளியுலகக் கவனத்துக்கு வந்ததிலிருந்து வனத்துறை மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு உடையவருக்கு இழப்பீடு கொடுக்கத் தொடங்கியது. தொகை போதவில்லை, தாமதமாக வருகிறது என்ற புகார் எப்போதும் உண்டு. ஆனாலும் கூடுள்ள மரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது ஊரின் நடைமுறையாகிவிட்டது. 2007இல் அந்த ஊர் சமுதாயக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த ஏற்பாடு அது: நிலம் உடையவரிடமே இருக்கும், நிர்வாகம் ஊர்க் குழுவிடம். செண்பகத்தோப்புத் தோப்புகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சட்டப் பிரிவு. தமிழ்நாட்டில் இதை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்து ஊரே காவல் நின்ற மரபு இருநூறு வருடத்துக்கும் மேலாக நம்மிடம் இருக்கிறது. நமக்கு இந்த யோசனை புதிதல்ல.

பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் தங்கச் சிங்க மந்தி என்ற சிறு குரங்கு. அதுவும் மரத்தை விட்டு இறங்க விரும்பாதது. அதன் காடும் ஆற்றுப் படுகையில் துண்டுதுண்டாக, பெரும்பாலும் தனியார் பண்ணைகளில் கிடப்பது. 1970களில் காட்டில் இருநூறு அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. 1992இல் தொடங்கிய அமைப்பு ஒன்று, பண்ணையாளர்களோடு ஒவ்வொருவராகப் பேசி, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே மரப் பட்டைகளை நட்டு, துண்டுகளைத் தைத்துக்கொண்டே வந்தது. நாற்றங்கால் வைத்து மரக்கன்று வளர்க்கும் வேலை உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போனது. 2018இல் மஞ்சள் காய்ச்சல் வந்து மந்திகளில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. 2023 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 4,800 அளவுக்கு ஏறியிருந்தது. தொடர்ச்சியான காடு இருந்ததால் திரும்பப் பரவ இடமிருந்தது. நான்கு வழிச்சாலைக்கு மேலே மண் போட்டு மரம் நட்ட பாலம் ஒன்றையும் 2020இல் கட்டினார்கள். இவ்வளவுக்கும் பின்னால் இருந்தது முப்பது வருடம் ஒரே ஆட்கள், ஒரே பண்ணைகள், ஒரே பேச்சு.

நம் பக்கத்தில் வால்பாறை இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகத் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு மீட்டுவருகிறார்கள். அங்கே புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து கற்க வேண்டிய ஒன்று: எந்த மரம் அந்த இடத்தில் முன்பு நின்றதோ அதைத்தான் நட வேண்டும், அதற்கு விதையை அதே மலையில் பொறுக்க வேண்டும். நாற்றங்காலில் கிடைக்கிறது என்பதற்காக எதையாவது நடுவது காடு மீட்பு ஆகாது.

செண்பகத்தோப்பில் அந்தப் பாடத்தை அணிலின் சாப்பாட்டு நாட்காட்டியாக எழுதிப் பார்க்கலாம். தையிலிருந்து பங்குனி வரை புளி. சித்திரையிலிருந்து ஆனி வரை மா. ஆனி, ஆடியில் நாவல். அத்தி வகைகள் மாறி மாறி ஆண்டு முழுக்க. இடைப்பட்ட வறண்ட வாரங்களில் பட்டையும் கொழுந்தும் விதையும். ஓடையின் ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இவை எல்லாம் இருந்தால் அணில் அந்த ஒரு கிலோமீட்டரில் குடும்பம் நடத்தும். மா மட்டும் இருந்தால் சித்திரையில் வந்து ஆடியில் போய்விடும். அப்போது அதன் மேல் குத்தகைக்காரருக்குக் கோபமும் அதிகமாக வரும், ஏனென்றால் அது வருவதே காய்க்கிற மூன்று மாதத்தில். பல மரம் நடுவது அணிலுக்குச் செய்கிற உபகாரம் மட்டும் இல்லை. மாங்காயின் மேல் விழும் சுமையைக் குறைக்கிற வழியும் அதுதான்.

நடுவது எளிது. ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்து, மூன்றடிக் கன்றாக வைத்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் கோடைதான் சோதனை. மாசியில் ஓடை வற்றும். பங்குனி, சித்திரையில் மலையிலிருந்து இறங்கும் காற்றில் ஈரமே இருக்காது. முதல் மூன்று கோடைக்கு வாரம் ஒரு முறையாவது தண்ணீர் விட வேண்டும். ஆடு மாடு கடிக்காமல் முள் அடைக்க வேண்டும். காட்டுத் தீ ஓடையோரம் இறங்காமல் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். நடவு விழாவுக்கு வரும் கூட்டம் இந்த மூன்று கோடைக்கும் வராது. வருகிறவர் பக்கத்துத் தோப்புக் காவல்காரர்தான். மோட்டார் போட்டு வாய்க்காலைத் திருப்பிவிட அவரால்தான் முடியும். ஆகவே மீட்பு வேலையின் உண்மையான கூட்டாளி அவர். அவருக்கு மாதம் ஒரு தொகை எழுதாத எந்தத் திட்டமும் காகிதத்தில்தான் பச்சையாக இருக்கும்.

கன்று கிளை கோக்கிற மரமாகப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதுவரை அணில் காத்திருக்காது. இடைவெளி உள்ள இடங்களில் கயிற்றுப் பாலம் கட்டலாம். சாலை ஓரங்களில் மின்வாரியத்தோடு பேசி உறையிட்ட கம்பிக்கு மாற்றி, கிளை வெட்டைக் குறைக்கலாம். தோப்புக்குள் கொடிகளை அறுக்காமல் விட்டாலே பாதி இடைவெளி மூடும். இவை அதிகச் செலவில்லாத வேலைகள். ஆனால் எந்த இடத்தில் இடைவெளி என்று தெரிந்திருக்க வேண்டும். தோப்பு வாரியாகக் கூட்டுப் பதிவேடு ஒன்று வைத்து, ஆண்டுதோறும் கோடையில் எண்ணி, எந்த இரண்டு மரங்களுக்கு நடுவே கிளை விட்டுப்போயிற்று என்று குறித்துவைப்பது அடிப்படை. கல்லூரி மாணவர்களும் பளியர் இளைஞர்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. சிவகாசியிலும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்லூரிகள் இருக்கின்றன.

யானையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஓடையோரத்தை அடர்த்தியாக்கினால் யானை தோப்புக்கு இறங்க மறைவு கிடைக்காதா என்று தோப்புக்காரர்கள் கேட்கிறார்கள். கிடைக்கும். யானை ஏற்கெனவே அந்த வழியில்தான் தண்ணீருக்கு வருகிறது. மாம்பழ வாசனையும் தென்னங்குருத்தும் அதை மேலும் கீழே இழுக்கின்றன. மின்வேலி போட்டு யானை சாவதையும் மனிதர் சாவதையும் பார்த்த பிறகுதான் தமிழ்நாடு அரசு 2023இல் சூரிய மின்வேலிகளுக்குப் பதிவும் ஒழுங்கும் கொண்ட விதிகளை வகுத்தது. ஓடையோர மரப் பட்டையை மலையிலிருந்து தோப்பின் நடு வரை கொண்டுவராமல், தோப்புகளின் மேற்கு ஓரத்தை ஒட்டித் தெற்கு வடக்காக ஒரு ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்கு இணைப்பதுதான் என் பார்வையில் முதலில் செய்ய வேண்டியது. அணிலுக்குத் தேவைப்படுவதும் அந்தக் குறுக்கு இணைப்புதான். பேயனாற்று அணிலும் அய்யனார் கோயில் ஆற்று அணிலும் சந்தித்து இனம் கலக்க வேண்டும். இல்லையென்றால் ஓடைக்கு ஓடை தனித் தீவாக நின்று, ஒரு வறட்சியிலோ நோயிலோ ஒரு ஓடையின் அணில்கள் அழிந்தால் நிரப்ப ஆளிருக்காது.

தென்னைக்கு மாறிவிட்ட தோப்புகளையும் கைவிட வேண்டியதில்லை. தென்னைக்கு இருபத்தைந்தடி இடைவெளி. ஓடைப் பக்கத்து வரப்பில் ஒரே ஒரு வரிசை புங்கும் மருதும் நாவலும் வைத்தால் கரை அரிப்பு நிற்கும், காற்றுத் தடுப்பாகும், வெள்ளத்தில் வரப்பு தங்கும். நிழல் விழுந்து தென்னை மகசூல் குறையுமே என்பது உடையவர்களின் முதல் மறுப்பு. வரிசை தோப்பின் வடக்கு ஓரத்தில் விழுந்தால் ஆண்டின் பெரும்பகுதி நிழல் தென்னை மேல் விழாது. மற்ற ஓரங்களில் விழும். கடைசி வரிசைத் தென்னையில் காய் குறையலாம். அந்தக் குறைவு மரத்துக்கு எத்தனை காய் என்று ஒரு தோப்பிலாவது எண்ணி, அந்தத் தொகையைப் புலிகள் காப்பக அறக்கட்டளை நிதியிலிருந்து உடையவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.